தாடைக்குக் கீழே ஒரு நிழல்: அருங்காட்சியக நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சென்ற செவ்வாயன்று உருவப்படக் கூடத்தில், ஒரு முதியவரின் எண்ணெய் ஓவியத்தைப் பார்த்து வரையத் தூரிகையோடு வந்த என்னைக் காவலர் தடுத்தது உங்கள் குறிப்பேட்டில் இருக்கும். காவலர்மேல் எனக்குக் கோபமில்லை; அவர் விதியைச் சொன்னார். பென்சில் கொண்டுவரலாம், தூரிகை கூடாது. விற்பனைப் பிரிவில் கிடைக்கும் அச்சுப்படத்தைப் பார்த்து வரையும்படி மூன்றாவது முறையாகப் பதில் அனுப்பியிருக்கிறீர்கள்.

வாங்கினேன், வரைந்தேன். அந்த முதியவரின் தாடைக்குக் கீழுள்ள நிழலை மட்டும் ஏழு தடவை சுரண்டி எடுத்தேன். அச்சில் அது வெறும் கறுப்பு. கூடத்தில் நின்று பார்த்தால் அங்கே கறுப்பே இல்லை. அடியில் பச்சையோடிய சாம்பல், அதன்மேல் ஒளி ஊடுருவும் பழுப்பு, ஓரத்தில் காதுமடலின் சிவப்பு லேசாகக் கசிந்திருக்கிறது. மூக்கு நுனி வெளிச்சம் ஒரு மேடு. ஓவியர் வெள்ளையை ஒரே அப்பாக அப்பிவிட்டுக் கையை எடுத்திருக்கிறார். எண்ணெய் குறைந்த பூச்சு அடியில், கூடியது மேலே என்பது மனப்பாடமாகத் தெரியும். எந்தப் பூச்சில் அவர் நிறுத்திக்கொண்டார் என்பதை அச்சுப்படம் சொல்லாது. கலந்த சாயத்தைத் தூரிகை முனையில் ஏந்தி, இருந்த இடத்திலிருந்தே படத்தோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

ஆகவே கேட்கிறேன்: வாரம் ஒரு காலை, இரண்டு மணி நேரம், அந்தப் படத்தின் முன் தூரிகையோடு உட்கார அனுமதி வேண்டும்.

டர்பன்டைன் வாடை உங்கள் கவலை என்றால் ஆளிவிதை எண்ணெயோடு நிறுத்திக்கொள்கிறேன். தரைக்கு விரிப்பு என் பொறுப்பு. போலி என்ற பயமா? பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பிரதியின் அளவு மூலத்தின் அளவாக இருக்கக் கூடாது. அதே விதியை எனக்கும் வையுங்கள். 1853இல் பிரெஞ்சு ஓவியர் டெகா அங்கே பிரதி எடுக்கப் பெயர் பதிந்தபோது அவருக்கு வயது 18. சிறுவர்களுக்கான வேலை என்று நினைக்க வேண்டாம்: 1628இல் மாட்ரிட்டில், தனக்கு முந்தைய இத்தாலிய ஓவியர் டிஷியனின் படங்களைப் பிரதி எடுத்த ஓவிய மேதை ரூபன்ஸ் ஐம்பதைக் கடந்தவர். நல்லவேளை, அவரிடம் யாரும் அச்சுப்படத்தை நீட்டவில்லை.

போன மாதம் இதே கூடத்தில் ஒரு நிறுவன விருந்து நடந்தது. நிரம்பிய கோப்பைகள் படத்துக்கு இரண்டடி தள்ளி உலாவின. முதியவருக்கு முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுக்கலாம். முகம் பார்த்து உட்காருவதுதான் ஆபத்து போலிருக்கிறது! வாசலில் ‘கலைக் கல்விக்காக’ என்று பொறித்திருக்கிறீர்களே, அது யாருடைய கல்வி?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன். வாரம் ஒரு காலை, இரண்டு மணி நேரம். கூட்டமில்லாத நாளை நீங்களே குறித்துக் கொடுங்கள். காவலர் என் பக்கத்திலேயே நிற்கட்டும். அவருக்கும் அந்த நிழலைக் காட்டுகிறேன்.

பணிவுடன்,
வாராவாரம் நுழைவுச்சீட்டு வாங்கி வரும் ஒரு மாணவி