மீதமிருக்கும் இரண்டு அறைகளையாவது விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய ஐயரவர்களுக்கும் சேகரக் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

மிஷன் பங்களாவில் நடக்கும் மராமத்து பற்றித்தான் எழுதுகிறேன். பங்களாவை விருந்தினர் அறையாக்குவதற்காகச் சுவர்களின் பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்டு பூசிக்கொண்டிருக்கிறீர்கள். என் வேண்டுதல் ஒன்றுதான்: சிமெண்டை நிறுத்துங்கள்.

போன மாதம் அம்மாவைக் கூட்டிவந்தேன். அம்மாவுக்கு 81 வயது. பங்களா பெண்கள் போர்டிங்காக இருந்தபோது ஐந்து வருஷம் அங்கே தங்கிப் படித்தவர். தேரிக்காட்டு வெயில் தாங்காத மத்தியானங்களில் பிள்ளைகள் நடு ஹாலுக்கு ஓடிப்போய்ச் சுவரில் கன்னத்தை ஒட்டவைத்து நிற்பார்களாம். சுவர் அவ்வளவு குளிர்ச்சி, அவ்வளவு வழவழப்பு. இதைக் கேட்டே வளர்ந்தவன் நான்.

அன்று அம்மா படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அந்தச் சுவருக்குப் போனார். உள்ளங்கையை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். சொரசொரவென்று சிமெண்டுப் பூச்சு, அதன்மேல் ரோஸ் பெயிண்ட். "இது எந்த இடம்டே?" என்று என்னிடம் கேட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பழைய பூச்சு லேசில் வந்ததல்ல. சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய காரை. அது ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுகிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவருக்குள்ளேயே நின்று செங்கல்லைத் தின்கிறது. நடு ஹாலில் முழங்கால் உயரத்துக்கு இப்போதே உப்புப் பூத்து, பெயிண்ட் உரிந்து கிடக்கிறது. அதன்மேல் இன்னொரு கோட் சிமெண்டு பூசினால் சரியாகிவிடும் என்கிறார் காண்ட்ராக்டர். ஆகாது. அந்தச் சிமெண்டுதான் நோயே.

கட்டடம் மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மிஷனெரி குடியிருந்த வீடு போர்டிங் ஆனது, அப்புறம் தையல் வகுப்பு, அப்புறம் உடைந்த பெஞ்சு போடும் இடம். இனி விருந்தினர் அறை ஆகட்டும், சந்தோஷம். ஆள் மாறினாலும் இதுவரை யாரும் சுவரைக் கொத்தவில்லை.

காலம் ஆகும், செலவு ஆகும் என்கிறீர்கள். இடையன்குடி தேவாலயத்தை 1847இல் தொடங்கி 1880இல்தான் கால்டுவெல் ஐயர் பிரதிஷ்டை செய்ய முடிந்தது. முப்பத்துமூன்று வருஷம். வரைபடம் பார்த்து வேலை செய்து பழகாத நம் ஊர்க் கொத்தனார்களுக்காக ஜன்னல் வளைவுகளைக் களிமண்ணில் அவரே செய்து காட்டினார் என்பார்கள். அவர் குடியிருந்த வீட்டை 2011இல் அரசாங்கமே நினைவில்லம் ஆக்கியது. அவர்கள் காத்திருந்தது முப்பத்துமூன்று வருஷம். காரைக் கொத்தனார் ஒருவரைத் தேடிப்பிடிக்க நமக்கு மூன்று மாதம் பொறுக்க முடியாதா?

இது நம் பங்களாவோடு நிற்கும் கதையும் இல்லை. நூறு வருஷத் தேக்குக் கதவு விறகு விலைக்குப் போகிறது, கோயில் தூணில் குளியலறை டைல்ஸ் ஏறுகிறது. யாரைக் கேட்டாலும் "புதுசாக்கினோம்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பனையேறிகளும் பீடி சுற்றிய பெண்களும் பிடியரிசி எடுத்துவைத்துக் கொடுத்த காணிக்கையில் நின்ற சுவர்கள் இவை. நம் கையில் ஒப்படைக்கப்பட்டவை, நம் சொத்து அல்ல. இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். கிழக்கு வராந்தாவிலும் அதை ஒட்டிய இரண்டு அறைகளிலும் பழைய காரை இன்னும் அப்படியே இருக்கிறது. அங்கே கொத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள். சிமெண்டு வேண்டாம். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் ஒருவர் வந்து பார்க்கும்வரை அந்தக் கதவுகளைப் பூட்டிவையுங்கள். அவருடைய கூலியில் என் பங்கைத் தருகிறேன், அம்மாவும் தன் பென்ஷனிலிருந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் முடிவெடுத்தால் நல்லது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது என்று கேள்விப்பட்டேன். பத்து நிமிடம் கொடுங்கள், வந்து பேசுகிறேன். அம்மாவும் வருவார். அந்த இரண்டு அறைகளை அவர் இன்னும் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
போர்டிங்கில் படித்த ஒருவரின் மகன்