ஹோப்பிக் கலங்களின் பெயரட்டைகள் குறித்து அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

"ஹோப்பி, அரிசோனா, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்" என்னும் ஒற்றை வரிப் பெயரட்டையோடு உங்கள் கண்ணாடிப் பேழைகளில் இருக்கும், அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் மட்கலங்களுக்காக இதை எழுதுகிறேன். வனைந்தவர் யாரென்று தெரிந்த கலங்களும் அவற்றுள் உண்டு. அங்கெல்லாம் அவர் பெயரையும், தீட்டியவர் வேறொருவரானால் அவர் பெயரையும், தொழிலை யாரிடம் கற்றார் என்பதையும் பொறிக்க வேண்டுகிறேன்.

தீட்டியவரைத் தனியே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ஹோப்பி நிலத்திலுள்ள ஹானோ ஊரின் புகழ்பெற்ற குயவர் நம்பேயோ, தந்தைவழிப் பாட்டியிடம் வனையக் கற்றவர். பாழடைந்த சிக்யாட்கி ஊரின் பழங்கலங்களையும் ஓடுகளையும் கூர்ந்து பார்த்து, அந்த வடிவங்களுக்கும் கோலங்களுக்கும் மீண்டும் உயிர் கொடுத்தவர். முதுமையில் கண்பார்வை மங்கியபோதும் அவர் தொழிலை விடவில்லை. குயவர் சக்கரமான திகிரி இல்லாமல், மண்ணைத் திரியாக உருட்டி வளையம் வளையமாக அடுக்கி எழுப்பும் முறை அது என்பதால், விரல்களே கண்களாக இருந்து அவர் வனைந்தார்; மகள்கள் ஆனியும் நெல்லியும் ஃபேனியும், யூக்கா இலை நாரால் ஆன தூரிகை கொண்டு அவற்றில் தீட்டினர். 1942இல் அவர் மறையும்வரை குடும்பத்தார் அவருக்குத் துணைநின்றனர். இப்படித் தாய் எழுப்பி மகள் எழுதிய கலத்துக்கு ஓர் இனத்தின் பெயரை மட்டும் இட்டால், அதன் வரலாற்றில் பாதி அழிந்துபோகிறது.

நம்பேயோ தம் கலங்களில் கையொப்பமிடவில்லை என்பதை நான் அறிவேன். ஆகவே ஐயமுள்ள இடத்தில் ஊகித்து எழுதுங்கள் என்று கேட்கவில்லை. "இக்குடும்பத்தாருடையதாகக் கருதப்படுவது" என்று நேர்மையாக எழுதினாலே போதும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 1895இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகத் தொல்லியலாளர் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் சிக்யாட்கியில் தோண்டி எடுத்த கலங்களுட் பெரும்பாலானவை இறந்தோருடன் புதைக்கப்பட்டவை. அத்தகைய கலங்களைக் காட்டுவதா, திருப்பித் தருவதா என்பதை ஹோப்பி மக்களே முடிவு செய்ய வேண்டும். மற்றக் கலங்களையேனும், ஹானோ அமைந்த ஃபர்ஸ்ட் மேசா மேட்டுநிலத்தில் இன்று வனையும் நம்பேயோ குடும்பப் பெண்களும் ஆண்களும் கையிலெடுத்துப் பார்க்க வழிசெய்யுங்கள். கலச் சுவரின் மெல்லிய தன்மையையும், உள்ளே சுரண்டிய தடத்தையும், மெருகுக் கல் கலத்தின் தோளில் திரும்பிய இடத்தையும் கண்ணாடிக்கு வெளியே நின்று யாரும் கற்றுக்கொள்ள முடியாது. மெருகுக் கல்லையே தாயிடமிருந்து மகள் பெற்றுப் போற்றும் குடும்பங்கள் அவை. தம் பாட்டி வனைந்த கலத்தைத் தொட, அவர்கள் முன்பின் அறியாத ஓர் அலுவலரிடம் மன்றாடி நிற்கும் நிலை வரக் கூடாது.

முதற்படியாக, உங்கள் பதிவேடுகளில் வனைந்தவர் பெயர் இருந்தும் பேழையின் அட்டையில் இடம்பெறாத கலங்களின் பட்டியலை ஹோப்பி மக்களின் பண்பாட்டுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
மட்கலங்களை நேசிக்கும் ஒரு தமிழ்ப் பார்வையாளர்