விதைக் கம்பெனிகள் ஒன்றாவது விவசாயிக்கும் செய்திதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு பெரிய கம்பெனி இன்னொன்றை வாங்குகிற செய்தியை நம் நாளிதழ்கள் வணிகப் பக்கத்தில் பங்கு விலையோடு போட்டுவிட்டு விட்டுவிடுகின்றன. டி.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் கரிசலில் மானாவாரிப் பருத்தி போடுகிற எங்களுக்கு அது முதல் பக்கச் செய்தி.

2017-ல் டவ்வும் டூபாண்ட்டும் இணைந்தன, அதே வருஷம் சின்ஜென்டாவைச் சீன அரசுக் கம்பெனி கெம்சைனா வாங்கியது, 2018-ல் மான்சான்டோவை பேயர் வாங்கியது. விதையிலும் பூச்சிமருந்திலும் உலக அளவில் ஆறாக இருந்த பெரிய கம்பெனிகள் இரண்டே வருஷத்தில் நாலாகச் சுருங்கிவிட்டன. விதை விற்பதும் அவர்கள், களைக்கொல்லி விற்பதும் அவர்கள். உரக்கடையில் பருத்தி விதைப் பாக்கெட்டு பல பெயர்களில் தொங்குகிறது, ஆனால் காய்ப்புழுவைக் கொல்ல உள்ளே வைத்திருக்கும் பி.டி. (Bt) மரபணு பெரும்பாலும் ஒரே இடத்தில் உரிமம் வாங்கியதுதான். பெயர் பலவாக இருந்து என்ன, போட்டி எங்கே இருக்கிறது?

அரசு நினைத்தால் தடுக்க முடியும் என்பதையும் பருத்தியிலேயே பார்த்தோம். மத்திய அரசு 2015 டிசம்பரில் பருத்தி விதை விலைக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. மறு வருஷம் அந்த மரபணுவுக்காக ஒரு பாக்கெட்டுக்கு வாங்கும் உரிமத்தொகை ஏறக்குறைய முக்கால்வாசி குறைந்து 49 ரூபாய்க்கு வந்தது. சரி, மக்காச்சோளத்துக்கும் காய்கறி விதைக்கும் அப்படி ஓர் ஆணை எங்கே?

விளைந்ததை விற்கும் பக்கமும் இதே கதை. உலகத் தானிய வியாபாரத்தில் கார்கில், ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் (ADM), பங்கே, லூயி டிரைஃபஸ் என்று நாலு பேர் ஏற்கெனவே பெரிய கை, அதில் பங்கே 2025 ஜூலையில் விட்டெர்ரா என்ற இன்னொரு தானியக் கம்பெனியையும் சேர்த்துக்கொண்டது. நம் நாட்டுச் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2025 மே மாதக் கடைசியில் சுத்திகரிக்காத கச்சா சமையல் எண்ணெய்க்கான அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். அப்படிக் குறைக்கும்போது உசிலம்பட்டிக் கடலைக்காரர் அந்தப் பெரிய கைகளோடுதான் விலையில் மோத வேண்டியிருக்கிறது.

பேயர், மான்சான்டோ இணைப்பை, சந்தையில் போட்டி ஒழியாமல் பார்க்க வேண்டிய இந்தியப் போட்டி ஆணையம் 2018-ல் நிபந்தனைகளோடு அனுமதித்தது, அதற்கு முன்னால் பொதுமக்களிடம் கருத்தும் கேட்டது. எங்கள் பக்கம் அது எத்தனை பேர் காதுக்கு எட்டியிருக்கும்? இனி விதை, உரம், உணவு சம்பந்தமான இணைப்பு வந்தால் அந்த அறிவிப்பைத் தமிழில் எழுதி திருமங்கலம், உசிலம்பட்டி மாதிரி ஊர்களின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஒட்டச் சொல்லி ஆணையத்தை மாநில அரசு கேட்க வேண்டும். உங்கள் நாளிதழும் அதைக் கடைசித் தேதியோடு விவசாயப் பக்கத்தில் போட வேண்டும். கருத்து எழுதி அனுப்ப நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஒரு பருத்தி விவசாயி,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்