மாம்பலம் கால்வாய்ப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாம்பலம் கால்வாய்ச் சீரமைப்பைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். பருவமழைக்கு முன் பொக்லைன் இறங்குவதும், அள்ளிய சேறு கரையிலேயே குவிந்து கிடப்பதும், முதல் மழையில் அது மறுபடி உள்ளே சரிவதும் எங்களுக்குப் பழகிப்போயிற்று. அதைப் பேசி அலுத்துவிட்டது. இப்போது கேட்பது வேறு.

வள்ளுவர் கோட்டம் எழுந்தது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். தி.நகரோ, 1920களில் மாம்பலம் ஏரியை வடித்து உருவாக்கிய குடியிருப்பு. இரண்டு ஏரிகளில் தங்கிய தண்ணீருக்கு இங்கே மிஞ்சியிருக்கும் பெரிய வழி, நந்தனம் வந்து அடையாற்றில் விழும் இந்தக் கால்வாய்தான். இருபுறமும் சுவரை உயர்த்தி, அடியில் கான்கிரீட் போட்டுவிட்டால் இது ஏரியின் வேலையைச் செய்துவிடுமா?

சுவர் எழுந்தால் தெருத் தண்ணீர் வடிகால் குழாய் வழியாக மட்டுமே உள்ளே வர முடியும். கால்வாயில் நீர்மட்டம் ஏறிக் குழாயின் வாய் மூழ்கிவிட்டால் அந்த வழியும் அடைபடும். தெரு தாழ்வாக இருந்தால் கால்வாய்த் தண்ணீரே திரும்பித் தெருவுக்கு வரும். அடையாறு நிரம்பி ஓடும் நாளில் கேட்கவே வேண்டாம். 2021 நவம்பரில் தி.நகர் மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே தண்ணீருக்கு வழியோடு தங்க இடமும் கொடுங்கள். நடேசன் பூங்கா, சோமசுந்தரம் மைதானம் போன்ற இடங்களில் ஒரு பகுதியைத் தாழ்த்தினால், பெருமழையின்போது தண்ணீர் அங்கே சில மணி நேரம் நின்று மெல்ல வடியும். கொசு வரும் என்பார்கள். ஒரே நாளில் வடியும் நீரில் கொசு வளராது. ஆண்டு முழுவதும் தேங்கும் சாக்கடையில்தான் வளரும். கொளுத்தும் மே மாதத்திலும் கால்வாய் கறுப்பாக ஓடுகிறதே, அது எந்த மழைத் தண்ணீர்? திருட்டுக் கழிவுநீர் இணைப்புகளைத் துண்டிக்காமல் கரையில் செடி நடுவது வீண் செலவு.

பாலத்தடிகளையும் குனிந்து பாருங்கள். குறுக்கே போகும் குழாயில் தெர்மாகோல், இளநீர்க் கூடு, கிழிந்த மெத்தை எல்லாம் சிக்கி ஓர் அணையே கட்டியிருக்கும். அந்தக் குழாயைத் தூக்கிவைக்கப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை.

ஆக்கிரமிப்பு என்றதும் குடிசைகளைத்தான் கை காட்டுகிறோம். கரையை விழுங்கி நிற்கும் அடுக்குமாடிகளுக்கும் அதே அளவுகோலைப் பிடியுங்கள்.

டெண்டர் விடுமுன், எந்த வடிகால் எந்த மட்டத்தில் கால்வாயைச் சேர்கிறது என்ற வரைபடத்தைத் தமிழில் எங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் வையுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை நாங்கள் சுவர்க் கறையைக் காட்டியே சொல்வோம்.

இப்படிக்கு,
தி.நகர்வாசி ஒருவர்