நாலு வெள்ளை, ரெண்டு கறுப்பு

மண்டபம்,
ஜூன் 10

மாப்ள,

நல்லா இருக்கியா? அம்மா முழங்கால் வலி தேவலையா? இங்க மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் நாலு நாள். அண்ணன் படகு பெயின்ட் வாசனையோட கரையில கிடக்கு. 61 நாளும் சீட்டாடியே கழிக்க வேண்டாம்னு எலெக்ட்ரிக் கிட்டார் ஒண்ணு செய்யுற அந்த வேலையக் கையில எடுத்தேன்.

கொல்லையில சாஞ்சு விழுந்த பூவரசு நினைவிருக்கா? அதோட வைரம்தான் உடம்பு. எடைய மட்டும் கேக்காத. கழுத்து மதுரையில பழைய சாமான் கடையில வாங்கினது. கம்பிய முறுக்கிச் சுருதி சேக்குற ட்யூனிங் கீ உன்னோடது. உடைஞ்ச கிட்டார எங்க வீட்ல போட்டுட்டுப் போனியே, அதுல நாலு தேறுச்சு. மத்த ரெண்டும் உப்புக்காத்துல இறுகிப் போச்சு. அதுக்குப் பதிலா புதுசு ரெண்டு வாங்கினேன், கறுப்பு.

வினையே அங்கதான். கழுத்துல துளை 10 மி.மீ. புதுக் கீ மரையோட சிக்குனு உக்காந்துருச்சு. உன்னோடது பழைய மாதிரி, 8.7 மி.மீ. துளைக்குச் செஞ்சது, தொளதொளன்னு ஆடுது. ராமநாதபுரத்துல லேத்துப் பட்டறைக்குப் போய் துளைக்கும் கீக்கும் நடுவுல செருக, பித்தளையில நாலு புஷ் கடைஞ்சு வாங்கினேன். பட்டறைக்காரர் எந்த மோட்டாருக்குன்னு கேட்டார். கிட்டாருக்குன்னதும் காசக் குறைக்கல, டீ வாங்கிக் கொடுத்தார்.

உடம்புல கம்பியத் தாங்குற பிரிட்ஜ் அதை விட மோசம். முதல்ல மாட்டினதுல ஓரக் கம்பிக்கு ஓரக் கம்பி 54 மி.மீ. கழுத்து ஒடுக்கம், மெல்லிய E கம்பிய அழுத்தினா கழுத்துக் குறுக்க பதிச்ச ஃப்ரெட் ஓரத்துல வழுக்கி வெளிய விழுது. 52.5-ல இன்னொண்ணு பிடிச்சேன். ஆனா ஆணி ஓட்டை வேற இடம். படகு ஆசாரிகிட்ட கொண்டு போனேன். "கடலையே உள்ள விடாம அடைக்கிறவன்டா நான்"னு சிரிச்சுக்கிட்டே அதே பூவரசுல முளை சீவி, பழைய ஓட்டையில அடிச்சுக் கொடுத்தார். கழுத்து நுனியில கம்பி பதியுற நட்டுல இருந்து 12-வது ஃப்ரெட்டுக்கு 324 மி.மீ., இரட்டிச்சா 648. மெல்லிய E அந்தக் கோட்டுல நிக்குது, தடிச்ச கம்பிக்கெல்லாம், பிரிட்ஜ்ல கம்பி உக்கார்ற சேடில கொஞ்சம் பின்னால தள்ளி வச்சேன். இப்ப மேல போனாலும் சுருதி விலகல.

அப்புறம் ஒரே இரைச்சல். கம்பியத் தொட்டாலும் அடங்கல. ரெண்டு நாள் ஒயர மாத்தி மாத்திப் பத்த வச்சேன். கடைசியில பார்த்தா பிரிட்ஜ் அடியில இருந்த கறுப்புப் பெயின்ட் எர்த் ஒயரத் தொட விடல! பிளேடால ஒரு காசளவு சுரண்டினேன், அமைதி. குமிழ் தண்டுல நிக்காம சுத்துச்சு. குழாய்க்குச் சுத்துற வெள்ளை டேப் ரெண்டு சுத்து, போதும்.

ஸ்க்ரூ எல்லாம் படகு சாமான் கடையில வாங்கின ஸ்டெயின்லெஸ். மெழுகு தடவித்தான் முடுக்கினேன், பூவரசு வைரத்துல தலை முறிஞ்சா எடுக்கிறது பெரும்பாடு.

கீ வரிசை நாலு வெள்ளை, ரெண்டு கறுப்பு. அண்ணன் மகள் பார்த்துட்டு, "சித்தப்பா, இதுக்குச் சொத்தைப் பல்லா?"ங்கறா. மாத்தச் சொல்லாத. D கம்பிக் கீயில, தங்கச்சிமடம் கிறிஸ்துமஸ் ராத்திரி நீ பிளையரால கடிச்ச தழும்பு அப்படியே இருக்கு.

வரும்போது 10-46 தடிமன் கிட்டார் கம்பி ரெண்டு செட் வாங்கிட்டு வா. இங்க மூணு வாரத்துல துரு ஏறிடுது. ராமேஸ்வரம் ரயில்ல ஏறு, புதுப் பாம்பன் பாலத்த அப்புறம் பார்த்துக்கலாம், மண்டபத்துல இறங்கிரு.

உன்
மாப்ள