ரஜூலாவுக்கு ஒரு ஜோடிக் கப்பல் இருந்தது, பெரியப்பா

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ரஜூலா என்ற பேரைக் கேட்டாலே உங்களுக்கு நாகப்பட்டினத்தில் படகேறிப் போய்க் கப்பலைப் பிடித்ததும், டெக்கில் பாய் விரித்துப் படுத்ததும் ஞாபகம் வந்துவிடும். பினாங்கு போய் வந்த வீடுகளில் எல்லாம் அந்தப் பெயர் புழங்குகிறது. அதன் ஜோடியைத்தான் யாரும் சொல்வதில்லை. அதன் பெயர் ரோனா.

இரண்டும் பி.ஐ. என்கிற பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் கப்பல்கள், 1926-இல் கட்டியவை. ரஜூலா கிளாஸ்கோவில், ரோனா இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் ஆட்களை ஏற்றி இறக்கத்தான் இரண்டையும் செய்தார்கள். 1940-இல் ரோனாவை பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கொண்டு துருப்புக் கப்பலாக்கியது. ரஜூலாவும் போரில் துருப்புகளைச் சுமந்ததுதான். அது தப்பித்து 1973 வரை ஓடியது.

1943 நவம்பர் 26. அல்ஜீரியக் கரையோரம், மத்தியதரைக்கடல். ரோனாவில் கிட்டத்தட்ட 2,000 அமெரிக்கச் சிப்பாய்கள். சூயஸ் வழியாக இந்தியாவுக்கு, பர்மாப் போர்முனைக்காக வந்துகொண்டிருந்தவர்கள். சாயங்காலம் ஜெர்மன் விமானம் ஒன்று ஹென்ஷெல் 293 என்ற குண்டை ஏவியது. அது சும்மா கீழே விழுகிற குண்டல்ல. சிறகு வைத்தது, ராக்கெட் பொருத்தியது, விமானத்தில் உட்கார்ந்தபடியே ரேடியோவால் திருப்பலாம். கப்பலின் இடப்பக்கம் துளைத்து எஞ்சின் அறையை நாசமாக்கியது. கரண்ட் போய்விட்டது. இடப்பக்கப் படகுகள் பல சிதைந்தன. மிஞ்சிய படகுகளில் பலதை, இறக்கும் சாமான்கள் துருப்பிடித்துப் போனதால், இறக்க முடியவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் கப்பல் முழுகியது. வெடிப்பில் செத்தவர்களைவிட, இருட்டில் குளிர்ந்த கடலில் கிடந்து செத்தவர்களே அதிகம். பயனியர் என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் (கடலில் போட்ட கண்ணிவெடிகளை அகற்றுவது) மட்டும் 606 பேரைத் தூக்கியது.

செத்த அமெரிக்கர்கள் 1,015 பேர். கடலில் ஒரே சம்பவத்தில் அமெரிக்க ராணுவம் இத்தனை பேரை இழந்தது அந்தப் போரில் வேறெங்கும் இல்லை. ஆனாலும், குண்டின் ரகசியம் காக்கவென்று விஷயத்தை மூடிவைத்தார்கள். பிழைத்தவர்களுக்கும் வாய்ப்பூட்டு. பிள்ளை எப்படிச் செத்தான் என்று தெரியாமலே கண் மூடிய பெற்றோர் எத்தனையோ. 1996-இல் அலபாமாவில் நினைவுச்சின்னம் வைத்தார்கள். 2000-இல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது.

எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. கப்பலின் சிப்பந்திகள் 195 பேர், பெரும்பாலும் லஸ்கர்கள், அதாவது இந்தியக் கப்பல் தொழிலாளிகள். அவர்களில் நூற்றுக்கு மேல் செத்தார்கள். பிழைத்த சிப்பாய்கள் சிலர், படகுகளை எடுத்துக்கொண்டு லஸ்கர்கள் முதலில் ஓடிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். சிலர் ஓடியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் பாதிக்கு மேல் செத்துப்போன கூட்டத்தை ஓடிப்போனவர்கள் என்று ஒரே வார்த்தையில் முடிப்பது என்ன நியாயம்? துருப்பிடித்த படகுக்குக் கம்பெனியோ ராணுவமோ பதில் சொல்லட்டும். கரி தள்ளியவனா சொல்வான்?

இப்போது உங்களிடம் ஒரு வேலை. தாத்தா முதன்முதலில் பினாங்கு போனது போருக்கு முந்தி. ரஜூலாவில் போனார் என்றுதான் நம் வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். அந்தத் தடத்தில் அப்போது ரோனாவும் ஓடியதே! பரண்மேல் இருக்கும் தகரப்பெட்டியில் அவருடைய பழைய காகிதங்கள் கிடக்கும். டிக்கெட்டோ, துறைமுக முத்திரை போட்ட தாளோ அகப்பட்டால் கப்பல் பெயரைப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்