கடைசியாக வந்து சேர்ந்தவன் எழுதுவது

அன்புள்ள சவாரித் தோழர்களுக்கும், வழியில் கைகொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனவர்களுக்கும்,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் சவாரி முடிந்து இரண்டு நாள் ஆகிறது. தொடை இன்னும் என் பேச்சைக் கேட்கவில்லை. படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறேன். இருந்தாலும் இப்போதே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் குழுவில் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு வாக்குமூலம். கிளம்பும் முன் அக்கா, "மாத்து டியூப் எல்லாரும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டபோது, "இருக்கு" என்று முதலில் கத்தியவன் நான்தான். பொய்யில்லை, இருந்தது. எட்டு மாதமாக சீட்டுக்குக் கீழே தொங்கும் பையில் பெட்டி பிரிக்காமல் இருந்தது. இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் பின்சக்கரம் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மோட்டார் சைக்கிளுக்கு வருவதுபோலத் தடித்த வால்வு. என் ரிம்மில் இருப்பதோ மெல்லிய வால்வுக்கான துளை. தடித்த வால்வுக்கு 8.5 மில்லிமீட்டர் துளை வேண்டும், என் ரிம்மில் இருப்பது 6.5. அந்த இரண்டு மில்லிமீட்டருக்காகப் பதினான்கு பேர் வெயிலில் நின்றீர்கள்.

ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

வரிசையின் கடைசியில் வந்த ஆசிரியர் ஐயாதான் சக்கரத்தைக் கழற்றினார். ஆளாளுக்குத் தங்கள் டியூப்பை நீட்டினீர்கள், அவர் வாங்கவில்லை. "புதுசு பின்னாடி தேவைப்படும், இதை ஒட்டிக்கலாம்" என்றார். ஆனால் டியூப்பை அவர் உடனே தொடவும் இல்லை. டயரின் உட்புறத்தில் விரலை வைத்து மெல்ல ஒரு சுற்று தடவிக்கொண்டே வந்தார். முக்கால் சுற்றில் விரல் நின்றது. "ஓட்டையை அடைக்கிறது பெரிசில்ல தம்பி. குத்தினவனைப் பிடிக்கணும், இல்லன்னா அடுத்த கிலோமீட்டர்ல மறுபடி குத்துவான்." நகவெட்டியால் கவ்வி அவர் இழுத்தது மயிரிழை மாதிரி ஒரு கம்பி. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது உள்ளேயிருந்து உதிர்கிற எஃகு இழை அது என்றார். வெளியிலிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரிந்திருக்காது.

உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, உடனே ஒட்டுவார் என்று பார்த்தால் சும்மா உட்கார்ந்துவிட்டார். ஈரப் பளபளப்புப் போனால்தான் பிடிக்குமாம். அந்தச் சில நிமிடத்தில் பாடமும் நடந்தது. டன்லப் 1888இல் சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் போட்டாராம்; அதற்கு முன்னால் பஞ்சர் என்ற தொல்லையே இல்லை, இரும்புப் பட்டையிலும் கெட்டி ரப்பரிலும் ஓட்டியவர்களுக்கு எலும்புதான் ஆட்டம் கண்டதாம். ஐயா, அந்தக் கதைக்கும் சேர்த்து நன்றி. கம்பியை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்தது ஏற்றம். அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றாதே என்று எனக்குச் சொல்லாத ஆளில்லை. மாற்றினேன். படாரென்று ஒரு சத்தம், கால் வெறுமனே சுற்றியது, திரும்பிப் பார்த்தால் செயின் சாலையில் செத்த பாம்பாகக் கிடந்தது. தங்கை ஒருத்தி (பெயர் போட்டால் கோபிப்பாள்) தன் வண்டியைப் புல்லில் சாய்த்துவிட்டு வந்தாள். பிளந்துபோன வெளிக்கண்ணியைக் கழற்றி, அந்த இடத்தில் செயினின் இரு முனைகளையும் கோக்கும் ஒரு குயிக் லிங்க்கை மாட்டினாள். பிறகு அந்த இணைப்பை மேல்பக்கம் கொண்டுவந்து, பின்பிரேக்கைப் பிடித்தபடி பெடலை ஓங்கி ஒரு மிதி. "டக்." அவ்வளவுதான். பத்து கியர் செயினுக்கு அதற்கான லிங்க்தான் சேருமாம். தன் வண்டிக்கென்று வைத்திருந்த ஒன்றே ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு மீதி வழியெல்லாம் தைரியமாக ஓட்டினாள். நான்தான் அவள் செயினையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மேட்டின்மேல் இருந்த வீட்டு அம்மா, உங்களுக்கு இந்த மடல் வந்து சேருமா தெரியாது. என் கையைப் பார்த்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே தண்ணீரும் சலவைத்தூளும் கொண்டுவந்தீர்கள். செயின் கரி முழங்கைவரை ஏறியிருந்தது. நீங்கள் கொடுத்த துண்டைக் கறையாக்காமல் திருப்பித் தந்தேன் என்றுதான் நம்புகிறேன்.

அங்கிருந்து இறக்கம். அதை எப்படி எழுத? ஏழு கிலோமீட்டர் பெடலைத் தொடவேயில்லை. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை உப்பவைத்தது, கண்ணில் நீர் வழிந்தது, பின்சக்கரம் கிர்ரென்று பாடிக்கொண்டே வந்தது. கீழே ஒரு பொடியன் தன் சின்ன வண்டியில் எங்களோடு பந்தயம் கட்டி, நூறு அடியாவது எல்லாருக்கும் முன்னால் போனான். பெரியண்ணன் விட்டுக்கொடுத்தாரா, நிஜமாகவே தோற்றாரா என்பது இன்றுவரை தீராத வழக்கு.

மழை பிடித்துக்கொண்டதும் அங்கேதான். நனைந்த சந்தோஷத்தில் நான் பாட ஆரம்பித்திருக்கிறேன். முன்னால் போனவர் கையைக் கீழே காட்டி "குழி!" என்றது வாய்க்கு வாய் பின்னால் வந்தும் என் காதில் ஏறவில்லை. தண்ணீர் மூடிய பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கியது. டியூப்பில் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி. காற்று குறைவாக இருந்தால் ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் டியூப் நசுங்கி இப்படித்தான் ஆகும். குறைவாக இருந்ததற்குக் காரணம், காலையில் கைபம்பை அடித்துக்கொண்டிருந்தவன் தோள் வலிக்கிறதென்று "போதும்" என்று நிறுத்தியதுதான். அந்த ஆளும் நான்தான். ஐயா பத்திரப்படுத்தச் சொன்ன புது டியூப் அக்காவின் பையிலிருந்து வெளியே வந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியது மட்டும் தெரிந்தது.

திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்று படித்திருக்கிறேன். அன்று முட்டியில் உணர்ந்தேன். முன்னால் போகிறவர்தான் காற்றைத் தாங்கவேண்டும் என்பதால், முறை வைத்து முன்னால் போகவேண்டும் என்று பேச்சு. என் முறை வரும்போதெல்லாம் பெரியண்ணனும் சின்னண்ணனும் கவனிக்காததுபோல முன்னாலேயே இருந்துவிட்டார்கள். கவனித்தேன், அண்ணா.

குறுகலான பாலத்தில், ஒரு தடவைகூட ஹாரன் அடிக்காமல் கடைசி வண்டி கரையேறும்வரை எங்கள் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்த லாரிக்காரருக்கும் ஒரு கும்பிடு. அந்தக் கடைசி வண்டி யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை.

அக்கா, டியூப் வாங்கிவிட்டேன், இந்தமுறை கடையிலேயே பெட்டியைப் பிரித்து வால்வைப் பார்த்தேன். தங்கைக்குக் குயிக் லிங்க் இரண்டாகவே வைத்திருக்கிறேன். அந்தத் தடித்த வால்வு டியூப் யார் வண்டிக்காவது பொருந்தினால் சொல்லுங்கள், பெட்டியோடு தருகிறேன்.

அன்புடன்,
சிவப்பு ஹெல்மெட்காரன்